முனியப்பனுக்கு விசா இல்லை

தை முதல் நாள் சூரியன் வடக்கே திரும்புகிறான், அதைக் கொண்டாடத்தான் பொங்கல் என்று கேட்டு வளர்ந்தவன் நான். (வானியல் கணக்குப்படி அவன் டிசம்பர் 21, 22லேயே திரும்பிவிடுகிறான். மகர ராசிக்குள் நுழைவதை வைத்து நாம் தை ஒன்று என்கிறோம். அது தனிக் கதை.) தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கம் இருக்கும் எங்கள் கிராமத்துக்கு இது நல்ல சேதி. பனி குறையும், பகல் நீளும், ராகி போரடித்து முடிந்திருக்கும், அவரையும் துவரையும் வீடு வந்து சேர்ந்திருக்கும். சிட்னியில் சூரியன் வடக்கே திரும்பினால் எங்களை விட்டுப் போகிறான் என்று அர்த்தம். இங்கே அப்போதுதான் பகல் குறையத் தொடங்குகிறது. கிளம்பிப் போகிறவனைப் பார்த்துப் "பொங்கலோ பொங்கல்" என்று கத்துகிறோம். அதுவும் கொளுத்துகிற கோடையில், வீட்டுப் பின்புறம் கேஸ் அடுப்பில் பானை வைத்து. வெயிலும் காற்றும் கூடுகிற நாளில் திறந்தவெளியில் நெருப்பே மூட்டக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டுவிடும்.

அறுபதைத் தாண்டி நாடு மாறுகிறவர்களுக்குக் குளிர், முழங்கால் வலி, பேச ஆளில்லாத பகல் பொழுது இதெல்லாம் வரும் என்று எல்லோரும் சொல்லித்தான் அனுப்பினார்கள். வந்தன. சமாளித்தாயிற்று. திசையும் பருவமும் தலைகீழாகும், அதோடு சேர்ந்து சாமியும் கொஞ்சம் ஆட்டம் காண்பார் என்று யாரும் சொல்லவில்லை.

நான் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நகைக்கடன், பயிர்க்கடன், உர மூட்டை, அதுதான் என் உலகம். மகன் ஓசூரில், மகள் சிட்னியில். ஆஸ்திரேலியாவில் பெற்றோருக்கான நிரந்தர விசா வேண்டுமென்றால் பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டில் ஒன்று, அந்தக் கணக்கில் நாங்கள் தேறிவிட்டோம். ஆனால் சீக்கிரம் கிடைக்கக்கூடிய வகைக்கே ஆளுக்கு 45,000 டாலருக்கு மேல் கட்டணம், கட்டினாலும் பத்து வருடத்துக்கு மேல் வரிசை. ஆகவே 2019இல் கொண்டுவந்த 870 என்ற தற்காலிக விசாவில் வந்தோம். மூன்று வருடத்துக்கோ ஐந்து வருடத்துக்கோ தருவார்கள், எல்லாம் சேர்த்துப் பத்து வருடம் வரை இருக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. எனக்கு யார் வேலை தரப் போகிறார்கள்!

ஊரில் என்னைப் பக்திமான் என்று யாரும் சொன்னதில்லை. நெற்றியில் திருநீறு உண்டு, அவ்வளவுதான். ஆனால் வருடம் முழுக்க ஏதோ ஒரு சாமி காரியம் நடந்துகொண்டே இருக்கும். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல். புரட்டாசி சனிக்கிழமை கறி கிடையாது. கார்த்திகைக்கு விளக்கு. தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவர், அங்கே சாம்பல் பூசணியில் ஏற்றின விளக்குகள் வரிசையாக எரியும். வெயில் காலத்தில் பாரதக் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். மண்ணால் செய்து தரையில் படுக்கவைத்த அந்தப் பெரிய உருவத்தைச் சுற்றி ஊரே நிற்கும். பாஞ்சாலி வேஷக்காரர் கூந்தலை அள்ளி முடித்ததும் பெண்கள் முண்டியடித்து அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வார்கள். நான் இதிலெல்லாம் ஓரமாக நின்றவன். யாரோ தேதி குறித்தார்கள், யாரோ வரி வசூலித்தார்கள், யாரோ பந்தல் போட்டார்கள். நான் போய் நின்றால் போதும். என் பங்கு அவ்வளவுதான் என்பதே இங்கே வந்து, யாரும் எதற்கும் கூப்பிடாத ஒரு வருடத்தைக் கழித்த பிறகுதான் உறைத்தது.

எல்லாவற்றுக்கும் மேலே குலசாமி. பி.அக்ரகாரத்து முனியப்பன் பேர்போனவர், கூட்டம் தாங்காது. எங்கள் முனியப்பன் அப்படியில்லை. ஏரிக்கரைப் புளியமரத்தடியில், முழங்கை உயர மேடையில், முறுக்கு மீசையும் கையில் அரிவாளுமாக உட்கார்ந்திருப்பார். கூரை கிடையாது. மழையில் நனைவார், வெயிலில் காய்வார். வருடத்துக்கொருமுறை சுண்ணாம்பும் காவியும் பூசுவோம். பங்காளிகள் கூடி கிடா வெட்டிப் பொங்கல் வைப்போம். பிள்ளைகளுக்கு அங்கேதான் முதல் மொட்டை, காது குத்து. 2003ஆம் வருடம் கோயில்களில் ஆடு கோழி பலியிடக் கூடாதென்று 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்களே, அந்த முறை எலுமிச்சையும் பூசணியும்தான் வெட்டினோம். பூசாரி, "அரசாங்கம் சொல்லிட்டுது, நீ கோவிச்சுக்காத" என்று சாமியிடமே நேரில் சொன்னார். அடுத்த வருடமே அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

ஊரைவிட்டுப் போகிறவர்கள் குலசாமி கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய், போன இடத்தில் வைத்துக் கும்பிடுவது நம்மிடம் பழைய வழக்கம். தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில்கள் அப்படிக் கிளம்பிப் போன மண்ணிலிருந்து வந்தவைதான். என் மனைவியும் புளியமரத்தடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து பெட்டிக்குள் வைத்தாள். மகள் வீடியோவில் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினாள். "அம்மா, மண்ணு மட்டும் வேண்டவே வேண்டாம்." ஆஸ்திரேலியா தன் மண்ணிலும் பயிரிலும் வெளிநாட்டு நோய் எதுவும் ஏறிவிடக் கூடாதென்று அத்தனை கறாராக இருக்கும் தேசம். விமானத்தில் தருகிற அட்டையில் மண் கொண்டுவருகிறீர்களா என்று தனியாக ஒரு கேள்வியே உண்டு. கடந்த 30 நாளில் பண்ணைக்குப் போனீர்களா, கால்நடைகளோடு இருந்தீர்களா என்றும் கேட்பார்கள். முடிச்சை அவிழ்த்து மண்ணை மரத்தடியிலேயே கொட்டிவிட்டு வந்தோம்.

பண்ணைக் கேள்விக்கு நான் ஆமாம் என்று எழுதினேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு பெங்களூருக்குக் கார் ஏறினவன் வேறென்ன எழுதுவது? விமான நிலையத்தில் எங்களைத் தனி வரிசைக்கு அனுப்பினார்கள். ஓர் இளம்பெண் அதிகாரி, கையுறை போட்டுக்கொண்டு, என் செருப்பைக் கழற்றச் சொல்லித் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகத்துக் கோடுகளுக்குள் செம்மண் அப்பியிருந்தது. ஒரு சின்ன பிரஷ்ஷை மருந்துத் தண்ணீரில் முக்கி ஒவ்வொரு கோடாகத் தேய்த்தார். குதிகால் பக்கம் ஒரு கல்துணுக்கு சிக்கியிருந்தது, அதையும் குச்சியால் நெம்பி எடுத்தார். முடித்துவிட்டு, ஈரத்தைக் காகிதத்தில் ஒற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். வாழ்க்கையில் என் செருப்பை இத்தனை மரியாதையாக யாரும் தொட்டதில்லை. மனைவி பக்கத்தில் நின்று, "அந்த முடிச்சு மண்ணுதான் போச்சுன்னா, ஒட்டிக்கிட்டு வந்ததும் போச்சு" என்றாள்.

வந்த புதிதில் வீட்டில் ஓர் அலமாரித் தட்டில் படங்களை வைத்தோம். சாம்பிராணி போட்டால் கூரையில் இருக்கும் புகைக் கருவி அலறுகிறது. கற்பூரத்துக்கும் பயந்து பயந்துதான். முனியப்பனுக்குப் படமே கிடையாது, பங்காளி ஒருவர் செல்போனில் எடுத்ததை மகள் அச்சடித்துக் கொடுத்தாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் அவரைப் பார்த்ததும் எனக்கு ஏதோ போலிருந்தது. ஏசி ஓடுகிற அறையில் அவர் உட்கார்ந்து என்ன செய்வார்? கிடாவும் இல்லை. ஆட்டுக்கறி ஏற்றுமதியில் உலகத்திலேயே முதலிடம் இந்த நாட்டுக்குத்தான், ஆனாலும் எங்கள் சாமிக்கு ஒரு கிடா கொடுக்க வழியில்லை.

திசை விஷயத்துக்கு வருகிறேன். இங்கே சூரியன் கிழக்கே உதித்து, வடக்கு வானம் வழியாக மேற்கே போகிறது. ஊரில் பெரும்பாலான மாதங்களில் அது தெற்குப் பக்கமாகப் போகும், தெற்கே பார்த்து நின்றால் இடமிருந்து வலம். இங்கே வடக்கே பார்த்து நிற்க வேண்டும், சூரியன் வலமிருந்து இடம் போகும். கோயிலை வலம் வருவது சூரியன் போகிற போக்கை ஒட்டித்தான் என்று என் தாத்தா சொல்வார். அப்படியானால் இங்கே இடமாகச் சுற்ற வேண்டுமா? கோயில் குருக்கள் ஒருவரிடம் கேட்டேவிட்டேன். அவர் ஒரு கணம் மேலே பார்த்தார். "நீங்க வழக்கம்போலச் சுத்துங்கோ" என்றார். பிறையும் இங்கே கவிழ்ந்துதான் தெரிகிறது, வளர்பிறை இடது பக்கம் ஒளியோடு இருக்கிறது. பஞ்சாங்கத்தை சிட்னி நேரத்துக்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும், இந்தியாவைவிட நாலரை மணி முன்னால், கோடையில் அஞ்சரை. ஊரில் அமாவாசை ஒரு நாள், இங்கே சில சமயம் வேறு நாள். அப்பாவுக்கு எந்த அமாவாசையில் தண்ணீர் இறைப்பது? அவர் செத்தது அங்கே. நான் இருப்பது இங்கே. விசாரித்தால் ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் இருக்கிற ஊர் வானத்தில் எது அமாவாசையோ அதுவே என்று நானாக முடிவு செய்துகொண்டேன். ஊரில் இப்படி ஒரு முடிவை நான் எடுத்திருக்கவே மாட்டேன், எடுக்க வேண்டி வந்திருக்கவும் மாட்டாது.

ஆடி அமாவாசைக்கு ஒகேனக்கல்லில் ஈரத் துணியோடு ஜனம் நிற்கும். திதி கொடுக்கிறவர்கள் ஒரு பக்கம், எண்ணெய் மசாஜுக்குப் படுத்திருக்கிறவர்கள் இன்னொரு பக்கம், மீன் வறுக்கிற வாசனை நடுவில். சிட்னியில் ஆடி என்பது நடுக்குளிர். ஸ்வெட்டருக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, தெற்கே பார்த்து, எலுமிச்சைச் செடித் தூரில் எள்ளும் தண்ணீரும் விட்டேன். பென்னாகரத்திலிருந்து தெற்கே பார்த்தால் மேட்டூர். இங்கிருந்து தெற்கே போய்க்கொண்டே இருந்தால் பனிக்கண்டம்தான்.

அப்புறம் காக்கைக்குச் சோறு வைத்தோம். நம் ஊர்ச் சாம்பல் கழுத்துக் காக்கை இங்கே கிடையாது. இருப்பது முழுக் கறுப்பு, கனத்த உடம்பு, தொண்டைக்குக் கீழே தாடிபோல மயிர். கண் மட்டும் வெள்ளை. எதிர்வீட்டுக் கூரையில் வந்து உட்கார்ந்து, அந்த வெள்ளைக் கண்ணால் எங்களைப் பார்த்துக்கொண்டு, குழந்தை அழுது ஓய்வதுபோல நீட்டி ஒரு குரல் கொடுத்தது. இறங்கவே இல்லை. மனைவி "கா, கா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அதற்குள் இரண்டு மைனா தத்தித் தத்தி வந்து உருண்டையைக் கலைத்துத் தின்ன ஆரம்பித்துவிட்டன. நம் ஊர் மைனாவேதான், மஞ்சள் மூக்கு, மஞ்சள் கண்பட்டை. 1860களில் பூச்சி தின்னட்டும் என்று மெல்போர்னுக்குக் கொண்டுவந்து விட்டார்கள், பெருகிப் போய் இன்றைக்கு அதைத் தொல்லை என்கிறார்கள். நான் விரட்டப் போனேன். மனைவி கையைப் பிடித்தாள். "விடுங்க. இந்த ஊரு காக்காய்க்கு மாமாவை எப்படித் தெரியும்? மைனான்னா நம்ம பக்கத்துது. அது தின்னா போய்ச் சேரும்."

எனக்கு அதற்கு மேல் சாஸ்திரம் தேவைப்படவில்லை.

மேஸ் ஹில்லில் இருக்கும் முருகன் கோயிலுக்கு வாரம் தவறாமல் போகிறோம். சைவ மன்றம் என்ற அமைப்பு நடத்துவது, ஈழத்தமிழர்கள் முன்னின்று கட்டியது. தேவாரம் பாடுகிற குழந்தைகள், தேர், எல்லாம் உண்டு. முருகன் எனக்குப் புதியவரில்லை, ஆனால் அங்கே நான் விருந்தாளிபோல ஒதுங்கியேதான் நிற்பேன். ஒருநாள் பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரிடம் குலசாமியை விட்டுவந்த கதையைச் சொல்லிப் புலம்பினேன். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். பொறுமையாகக் கேட்டார். அவருடைய ஊர்க்கோயில் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் சிக்கி, பல வருடம் யாரும் விளக்கு வைக்கக்கூட போக முடியாமல் கிடந்ததாம். "எங்கட கோயிலுக்கு நாங்கள் போகேலாது தம்பி. நடந்து போற தூரத்தில இருந்தும் போகேலாது. நீங்கள் நினைச்சா டிக்கெட் எடுத்துக்கொண்டு போகலாம்தானே?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் இலையில் பாயசம் வைக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு என் புலம்பல் கொஞ்சம் குறைந்தது. இன்னொன்றும் யோசிக்க ஆரம்பித்தேன். முனியப்பன் கடல் தாண்டாத சாமி ஒன்றும் இல்லை. மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள்பிடித்துக் கொண்டுபோன காலத்தில் முனியும் மாரியும் காளியும் கூடவே போனார்கள். சிங்கப்பூரில் முனீஸ்வரன் கோயில் ரயில்வே தொழிலாளர்கள் வைத்துக் கும்பிட்டது. இங்கே சிட்னிக்குத் தெற்கே, பழைய நிலக்கரிச் சுரங்க ஊரான ஹெலன்ஸ்பர்க்கில், 1980களில் வெங்கடாசலபதிக்கு எழுந்த கோயில் போல, படித்துவிட்டு வேலைக்கு வந்தவர்கள் கட்டினதெல்லாம் ஆகமக் கோயில். கூலிக்குப் போனவன் முனியைக் கூட்டிப்போனான், சம்பளத்துக்குப் போனவன் பெருமாளைக் கூட்டிப்போனான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. காட்டை வெட்டித் தோட்டம் போட்டவனுக்குப் பாம்பும் புலியும் காய்ச்சலும் இருட்டும் இருந்தன, ராத்திரி காவலுக்கு ஒருவர் வேண்டியிருந்தது. என் மகள் வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, வாசலில் கேமரா இருக்கிறது. முனியப்பனை இங்கே கூட்டிவந்தால் அவருக்கு என்ன வேலை கொடுப்பது?

மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் இதை எப்போதோ யோசித்து முடித்திருந்தாள். "அவரு இங்க வந்துட்டா ஊரை யாரு பாக்கறது?" என்றாள். மறுநாள் சட்டம் போட்ட படத்தை எடுத்து, துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்துவிட்டாள். கும்பிட வேண்டுமானால் பின்வாசலைத் திறந்து வடமேற்கே பார்த்துக் கும்பிடுகிறாள். ஊர் அந்தப் பக்கம்தானாம், மகள் செல்போனில் பார்த்துச் சொன்னது.

பேரன் இங்கேதான் படிக்கிறான். அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு வகுப்பு மதப் பாடத்துக்கு ஒதுக்குகிறார்கள், தன்னார்வலர்கள் வந்து எடுப்பார்கள், வேண்டாதவர்கள் வேறு வகுப்புக்குப் போகலாம். 2021 கணக்கெடுப்பில் இந்த நாட்டில் மதம் இல்லை என்று எழுதியவர்கள் 38.9 விழுக்காடு, இந்து என்று எழுதியவர்கள் 2.7 விழுக்காடு. அந்த 2.7இல் எங்கள் பேரனும் ஒருவன். இந்து வகுப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து புரட்டிக்கொண்டே கேட்டான். "தாத்தா, நம்ம முனியப்பன் ஏன் இதுல இல்ல?"

"அவரு ஏரிக்கரையில ட்யூட்டில இருக்காருடா."

"லீவே இல்லையா?"

இல்லை என்றேன். அவனுக்கு அது அநியாயமாகப் பட்டது. இந்த நாட்டில் வளர்கிற பிள்ளைக்கு லீவு கிடைக்காத வேலை என்பது சட்டவிரோதம். முதல் மொட்டை அங்கேதான் என்று முடிவு செய்து வைத்திருந்தோம், கொரோனா வந்து 2020 மார்ச்சில் எல்லையை மூடினார்கள், அவன் முடி வளர்ந்து, வெட்டி, வளர்ந்து, இப்போது மொட்டை என்றாலே ஓடுகிறான். காது குத்தை மட்டுமாவது நடத்திவிட வேண்டும். தாய்மாமன் மடி ஓசூரில் காத்திருக்கிறது.

இதற்கிடையில் ஊரில் ஒரு சச்சரவு. பங்காளிகள் வாட்ஸ்அப்பில் குழு வைத்திருக்கிறார்கள். முனியப்பனுக்குக் கான்கிரீட் மண்டபம் கட்டி, டைல்ஸ் ஒட்டி, வாசலில் கிரில் கேட் போடப் போகிறார்களாம். புளியமரத்தின் ஒரு கிளை இடைஞ்சலாக இருப்பதால் வெட்ட வேண்டுமாம். படம் வரைந்து அனுப்பியிருக்கிறார்கள், பார்க்க ஏடிஎம் மாதிரியே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இருப்பதால் என் பெயருக்கு நேரே பெரிய தொகையை அவர்களே எழுதிவிட்டார்கள். ஊரில் இருந்தபோது எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறக்காத நான், இப்போது ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிறேன். கூரை போடாதீர்கள், அவர் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து வானத்தடியில் இருப்பவர், ஏரியைப் பார்த்தபடி இருப்பவருக்கு எதற்குக் கதவு என்று. வருகிறவர்களுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டுங்கள், பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டுங்கள், அதற்கு எவ்வளவு ஆனாலும் நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

தம்பி மகன் நேற்றுக் குரல் செய்தி அனுப்பினான். "பெரியப்பா, நீங்க அங்க ஏசியில உக்காந்துக்குனு சாமியை மட்டும் மழையில நனையச் சொல்றீங்க." அவன் சொல்வதிலும் ஞாயம் இருப்பதுபோலத்தான் இருக்கிறது. ஆனாலும் மண்டபத்துக்கு நான் பணம் தரப் போவதில்லை. சித்திரையில் காது குத்துக்குப் போகும்போது பூசாரியை வைத்துப் பூப்போட்டுக் கேட்டுவிடலாம் என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதுவரை கிளையை வெட்டக் கூடாதென்று பேச்சு.